பீரோ சாவி: ஒரு சிகிச்சை அறையின் நாட்குறிப்பு

நவம்பர் 17, 2025, திங்கள்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் போன வாரம் அரசிதழில் வந்துவிட்டன. சட்டம் நிறைவேறியது 2023 ஆகஸ்டில். முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர இன்னும் 18 மாத அவகாசம் இருக்கிறது. தரவைக் காப்பதில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்ற வரியைப் படித்தபோது, மதுரையில் ஒரு வீட்டு மாடியில், ஒரு வரவேற்பு மேசையும் ஓர் இரும்பு பீரோவுமாக நடக்கிற என் உளசிகிச்சை அறையை நினைத்து முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு எழுந்துபோய் பீரோவைப் பார்த்தேன். அதன் சாவி ஒன்பது வருடமாக நாள்காட்டிக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் தொங்குகிறது. அறையைப் பெருக்க வரும் அக்காவுக்கும் அது தெரியும்.

இந்தச் சட்டம் டிஜிட்டல் வடிவில் இருக்கும் தரவை மட்டுமே கட்டுப்படுத்தும். பீரோவில் காகிதமாகக் கிடக்கும் கோப்புகளைத் தொடாது. ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 23ஆம் பிரிவில், சிகிச்சையின்போது தெரியவரும் தகவல்கள் அனைத்தையும் ரகசியமாகக் காப்பதைக் கடமையாக்கும்போது காகிதம், கணினி என்று பேதம் பார்க்கவில்லை. எனவே சில வாரங்களுக்கு, என் அறையில் ரகசியம் எப்படிக் காக்கப்படுகிறது என்ற கணக்கையே இங்கே எழுதப்போகிறேன். வருகிறவர்களைக் குறிப்பிட நேர்ந்தால் வயது, உறவு, ஊர் ஆகியவற்றை மாற்றிவிடுவேன். மாற்றியும் ஒருவர் தன்னை அடையாளம் கண்டுகொள்ளக்கூடும் என்று தோன்றினால், அவர் சம்மதிக்காமல் எழுத மாட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

இன்று காலை வரவேற்பில் இருக்கும் பெண், தொலைபேசியில், "இல்லைங்க, நேத்து அவங்க வரலை, வெள்ளிக்கிழமைதான் வருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். யார் என்று விசாரித்தேன். "அவங்க அண்ணனாம் மேடம், ரொம்ப மரியாதையாத்தான் பேசினார்" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் என்ன சொல்ல வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. நம் ஊரில் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பேசினால் கதவு தானாகத் திறந்துவிடும்.

மதியம் இருவரும் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தோம்: "இங்கே யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று யாருக்குமே சொல்வதில்லைங்க." இதை வருகிறவர்களைப் பற்றிக் கேட்டாலும் சொல்ல வேண்டும், இந்தப் படியையே மிதிக்காதவர்களைப் பற்றிக் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்பதுதான் அவளுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. வராதவருக்கு "அப்படி யாரும் இல்லைங்க" என்று பதில் தரும் இடத்தில், வருகிறவரைப் பற்றி வாயை மூடிக்கொண்டால், அந்த மௌனமே ஆமாம் என்று சொல்லிவிடும்.

நவம்பர் 23, ஞாயிறு

வீட்டில் ஒன்று நடந்தது. தவறு முழுக்க என்னுடையது. சம்பந்தப்பட்டவரிடம் சொல்லாமல் இங்கே எழுத முடியாது.

நவம்பர் 24, திங்கள்

தூக்கமில்லாமல் பின்லாந்தின் வஸ்தாமோ சம்பவத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். நாடெங்கும் கிளைகள் வைத்திருந்த அந்த உளசிகிச்சை நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 33,000 பேரின் குறிப்புகள் களவுபோய், 2020 அக்டோபரில் அவர்களில் பல்லாயிரம் பேருக்குத் தனித்தனியாக மிரட்டல் மின்னஞ்சல் போனது: 200 யூரோ மதிப்புள்ள பிட்காயின் தராவிட்டால் உன் குறிப்புகள் வெளியாகும் என்று. நிறுவனம் அடுத்த ஆண்டே திவாலானது. திருடியவருக்கு 2024இல் சிறைத்தண்டனை கிடைத்தது. என் கண்ணில் பட்டது வேறு ஒன்று. பேசிய பேச்சு பேசியவரின் பெயரோடும் அடையாள எண்ணோடும் சேர்ந்தே கிடந்ததால்தான் திருடனால் ஆளைத் தேடிப்போக முடிந்தது. என் பீரோவிலும் அப்படித்தான்: மேலட்டையில் பெயரும் கைபேசி எண்ணும், உள்ளே மற்றதெல்லாம். இனி அட்டையில் எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறொரு பூட்டுக்குள் இருக்கும்.

நவம்பர் 27, வியாழன்

ஒரு விவாகரத்து வழக்கில், எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து, சிகிச்சைக் குறிப்புகளைத் தரும்படி பதிவுத்தபால் வந்திருக்கிறது. வக்கீல் கடிதம் நீதிமன்ற உத்தரவு ஆகாது என்பதால் தர மறுத்து இரண்டு வரியில் பதில் எழுதினேன். உத்தரவே வந்தால் நிலைமை வேறு. கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. சிகிச்சையாளரிடம் சொல்வதற்கு அப்படி ஒன்று நம் நாட்டில் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இலேயே அந்தப் பாதுகாப்பை அங்கீகரித்திருக்கிறது. நாம் அதிகபட்சம் செய்யக்கூடியது, மூடிய உறையில் நீதிபதியிடமே ஒப்படைக்க அனுமதி கேட்பதும், கேட்டதற்கு மேல் ஒரு தாளும் தராமல் இருப்பதும்தான்.

மாலையில், இந்த வழக்கோடு தொடர்பில்லாத என் 2018ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றை எடுத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. வந்தவருடைய மைத்துனரின் கடன் தொகை, கடன் கொடுத்தவரின் கடைப் பெயர், கடை இருக்கும் தெரு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்த மைத்துனர் என் அறைக்கு வந்தவரே இல்லை. "பண விஷயத்தில் குடும்பத்தாரை நம்ப முடியாத நிலை" என்ற ஒரு வரி சிகிச்சைக்குப் போதுமாக இருந்திருக்கும். அதற்காக எல்லாவற்றையும் சுருக்கிவிடவும் கூடாது. ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால், என்ன சொன்னார், வழி யோசித்து வைத்திருந்தாரா, நாங்கள் சேர்ந்து என்ன முடிவு செய்தோம், யாருக்குத் தெரிவித்தேன் என்பவற்றைத் தெளிவாக எழுதியே தீர வேண்டும். அங்கே பேனாவை இழுத்துப் பிடிப்பது அந்தரங்கம் காப்பதாகாது, என்னை நானே காப்பாற்றிக்கொள்வதாகும். கடிதம் வந்த கோப்பில் இனி ஒரு புள்ளியையும் மாற்றக் கூடாது என்று அதன்மேல் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு வைத்தேன்.

டிசம்பர் 3, புதன்

இப்போது எழுதலாம். சம்பந்தப்பட்டவர் சம்மதித்திருக்கிறார், விவரங்களை அவர் சொன்னபடி மாற்றியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி, யாரும் பார்க்காத நேரத்தில், குடும்பப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருக்கும். அன்று இரவு கொடைக்கானல் ஏரி வந்தது, மகளின் பள்ளி ஆண்டுவிழா வந்தது, அதற்கடுத்து, நீல மையில் எழுதிய கோடுபோட்ட தாள் ஒன்று திரை நிறைய வந்து நின்றது. தூக்கம் வராத இரவுகளில் எழுதி, அடுத்த சந்திப்புக்கு முன் நான் படிக்க வேண்டும் என்று அவர் போனில் எடுத்து அனுப்பிய பக்கம் அது. கண்ணாடி போடாமல் உட்கார்ந்திருந்த என் மாமியார், "யாரு கையெழுத்து, முத்து முத்தா இருக்கே" என்றார். நான் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் ஏழெட்டு விநாடி போய்விட்டது. வருகிற படங்களைப் போன் தானாகச் சேமிக்கும், சேமித்ததைக் குடும்பக் கணக்குக்கு ஏற்றும், அந்தக் கணக்கைத் தொலைக்காட்சி திறந்து காட்டும். மூன்றுக்கும் எப்போதோ "சரி" என்று அழுத்தியவள் நான்தான்.

தரவு கசிந்தால் என்ன நடந்தது, என்ன விளைவு வரலாம், நாம் என்ன செய்திருக்கிறோம், அவர் என்ன செய்துகொள்ளலாம் என்பதை எளிய மொழியில் தாமதமின்றிச் சொல்ல வேண்டும் என்கின்றன புதிய விதிகள். என்னைக் கட்ட இன்னும் 18 மாதம் இருந்தாலும், போன புதன்கிழமை அந்த வரிசையிலேயே சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உங்க பொண்ணு படிச்சாளா?" என்று மட்டும் கேட்டார். அவள் அப்போது தூங்கிவிட்டாள் என்றேன். அடுத்த வாரம் வருவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, முழு நேரமும் இருக்காமல் எழுந்து போனார்.

இன்று வந்தார். பக்கங்களை இனிப் போனில் அனுப்புவதில்லை என்று முடிவாயிற்று, நோட்டையே கொண்டுவந்தார். அறையில் அவர் எதிரிலேயே படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதை ஒரு துணிப்பையில் வைத்து, மேலே இரண்டு கட்டுக் கீரையை வைத்து மூடிக்கொண்டு படியிறங்கினார்.