ஒன்றே முக்கால் கிலோவுக்கு நாள் குறித்த கதை

மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக முப்பத்தொரு ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். நாய்களோடு எனக்கு இருந்த உறவெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று "நாயைப் பிடித்துக் கட்டுங்கள்" என்று குரல் கொடுப்பதோடு சரி. ஓய்வு பெற்ற மறு ஆண்டு தை மாதம், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு பழக்கூடையில் சிவாவா என்ற மிகச் சின்ன இன நாயின் பெட்டைக் குட்டியை வைத்துக் கொண்டுவந்து, கோவையில் எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். "டீகப் சிவாவா" என்று சொல்லி அவளிடம் விற்றிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்புகள் அப்படி ஓர் இனத்தை ஏற்பதில்லை; சோனியாகப் பிறந்த குட்டிக்குக் கூடுதல் விலை வைக்க உதவும் பெயர் அது. பத்து வாரக் குட்டி, சமையலறைத் தராசில் 620 கிராம் இருந்தது. என் மனைவி சுண்டைக்காய் என்று பெயர் வைத்தாள். இரண்டு நாளில் சுண்டை ஆயிற்று.

ரீடிங் எடுத்த கை சும்மா இருக்காது. ஞாயிறுதோறும் எடை பார்த்து ஒரு நோட்டில் குறித்துவந்தேன். அந்த நோட்டின் மூன்றாம் பக்கத்தில் எடைக்குப் பதிலாக "தேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பத் தாமதமாகிவிட்டது. காலையில் வைத்த சாப்பாட்டைக் குட்டி தொடவே இல்லை. கூடத்தில் கால் பின்னிக்கொண்டு தள்ளாடி, கண்ணெதிரே துவண்டு விழுந்தது. மகள் போனில் சொன்னபடி ஈறில் தேனைத் தடவி, துணியில் சுற்றி, டாக்டரிடம் ஓடினோம். இவ்வளவு சின்னக் குட்டிக்கு உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு, நான்கைந்து மணி நேரப் பட்டினியே சில சமயம் ஆளைச் சாய்த்துவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு கருத்தடை ஆபரேஷன் பேச்சு வந்தபோதெல்லாம் எனக்கு அந்த மதியம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஆபரேஷன் வேண்டுமா என்பதில் எங்கள் வீட்டில் சண்டை அதிகம் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும், "ஒரு ஈத்தாவது போடட்டும், வாயில்லா ஜீவனுக்குப் பாவம்" என்றார். என் மனைவிக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. சிவாவாக் குட்டிகளுக்குத் தலை பெரிது, தாய்க்கு இடுப்பெலும்பு குறுகல். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்பது சாதாரணமாக நடப்பது. ஈத்துப் போட்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. இதைச் சொன்னதும் மனைவி அந்தப் பேச்சை விட்டாள். எப்போது செய்வது என்பதில்தான் எங்களுக்கு ஓராண்டு ஓடியது.

ஐந்தாம் மாதம், 1.180 கிலோ. முதலில் பார்த்த கிளினிக்கில், "நாளைக்கே கொண்டு வாருங்கள், கால் மணி நேர வேலை. இரவு எட்டு மணிக்கு மேல் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்" என்றார்கள். மயக்கம் எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். ஊசிதான் என்றார்கள். தேன் கதையைச் சொல்லி, இரவு முழுக்கப் பட்டினி போட்டால் தாங்குமா என்று கேட்டேன். "சார், இங்கே தெருநாய்க்கெல்லாம் செய்கிறோம்" என்று பதில் வந்தது. தெருநாய் பதினைந்து கிலோ இருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லாமல் வணக்கம் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வாசலில் செருப்பை மாட்டும்போது, பயந்தாங்கொள்ளி என்று அவர்கள் நினைத்திருப்பார்களோ என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். சுண்டையின் வாயைத் திறந்து பார்த்த பிறகுதான் பேசவே ஆரம்பித்தார். மேலே இரண்டு பக்கமும் பால் கோரைப்பல் விழாமல் நிற்க, பக்கத்திலேயே புதுக் கோரைப்பல் முளைத்து வந்துகொண்டிருந்தது. குட்டி இனங்களில் இது அடிக்கடி நடக்கும், தானாக விழாவிட்டால் மயக்கத்தில்தான் பிடுங்க வேண்டும், இரண்டு முறை மயக்கம் கொடுப்பதைவிட ஒரே மயக்கத்தில் இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்றார்.

எத்தனை கிலோ ஆனால் செய்யலாம் என்று கேட்டேன். எனக்கு ஓர் எண் வேண்டியிருந்தது. அவர் சிரித்துவிட்டு, "இது முழுதாக வளர்ந்தாலும் இரண்டு கிலோவைத் தொடாது சார். எடைக்காகக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்" என்றார். லாப்ரடார் போன்ற பெரிய நாய்களுக்கு எலும்பு முற்றும்வரை பொறுப்பது நல்லது என்று ஒரு கருத்து இருக்கிறதே என்றேன். மகள் ஏற்கெனவே எனக்குப் பாடம் எடுத்திருந்தாள். பெரிய இனங்களுக்கு அது சரி, இதற்குப் பொருந்தாது என்றார் டாக்டர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 35 இனங்களை எடுத்துக்கொண்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு இனங்களில் சீக்கிரம் கருத்தடை செய்ததால் மூட்டுக் கோளாறு கூடியதாகத் தெரியவில்லை. ஆறு மாதம் தாண்டி, முதல் பருவத்துக்கு, அதாவது முதல் ஹீட்டுக்கு முன்னால், பல்லையும் சேர்த்து என்று ஜூன் நடுவில் நாள் குறித்தோம்.

முதல் பருவத்துக்கு முன்னால் என்பதில் நான் பிடிவாதமாக இருந்ததற்கு ஒரு கணக்கு காரணம். 1969-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வை எல்லாரும் சொல்கிறார்கள்: முதல் பருவத்துக்கு முன் செய்தால் மார்பகக் கட்டி 0.5 சதவீதம், முதல் பருவத்துக்குப் பின் 8, இரண்டாவதுக்குப் பின் 26. நூறு நாயில் இருபத்தாறுக்குக் கட்டி வரும் என்று நான் அதைப் படித்துக்கொண்டேன். டாக்டர் திருத்தினார். ஆபரேஷன் செய்யாத நாய்க்கு இருக்கும் அபாயத்தை நூறு என்று வைத்துக்கொண்டு, அதில் எத்தனை பங்கு மிஞ்சுகிறது என்று சொல்லும் கணக்காம் அது. யூனிட்டையும் ரூபாயையும் குழப்பிக்கொண்டு சண்டைக்கு வந்த நுகர்வோரைப் பார்த்து நான் எத்தனை முறை உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்! போதாததற்கு, இந்த விஷயத்தில் வந்த ஆய்வுகளை எல்லாம் 2012-இல் அலசிப் பார்த்தவர்கள், சான்று அவ்வளவு வலுவாக இல்லை என்றே எழுதியிருக்கிறார்கள். எட்டு என்பது நான் பயந்த எட்டு அல்ல. இந்தத் திருத்தம் அடுத்த மாதமே எனக்குத் தேவைப்பட்டது.

ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்பு ரத்தப் பரிசோதனை. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 78,000. இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. உண்ணிக் காய்ச்சல். வீட்டைத் தாண்டாத நாய்க்கு உண்ணியா என்று மனைவி பதறினாள். உண்ணி எங்கள் செருப்பிலும் வரும், வாசல் புல்லிலிருந்தும் வரும். சுண்டை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, ஓடியது, குரைத்தது, கூரியர் பையனின் பேண்டைப் பிடித்து இழுத்தது. பரிசோதனை செய்யாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை டாக்டர் பயமுறுத்தாமல் சொன்னார்: "இதன் உடம்பில் மொத்த ரத்தமே ஒரு டம்ளர்தான். அதில் உறையாத ரத்தம் வைத்துக்கொண்டு நான் கத்தியை எடுக்க மாட்டேன்." கிலோவுக்கு 80, 90 மில்லி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டம்ளர்கூட நிறையவில்லை.

இருபத்தெட்டு நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை. தயிர்சாதத்தில் வைத்தால் சாதத்தைத் தின்றுவிட்டு மாத்திரைத் துண்டைத் தரையில் சுத்தமாக வைத்துவிடும். பால் பொருளோடு கொடுத்தால் அந்த மருந்து சரியாக உடம்பில் சேராது என்பதே எங்களுக்கு இரண்டாம் வாரம்தான் தெரிந்தது. பிறகு வேகவைத்த கோழி ஈரல். மாதக் கடைசியில் பிளேட்லெட் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். மறுபடி நாள் குறித்தோம். அதற்கு மூன்று நாள் முன்பு கூடத்து வெள்ளை டைல்ஸில் குங்குமப் பொட்டு மாதிரி இரண்டு சொட்டு ரத்தம். ஹீட்டுக்கு வந்துவிட்டது. எட்டாம் மாதம், 1.540 கிலோ.

பருவத்தில் இருக்கும்போது கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், ரத்தம் அதிகம் போகும், ஒரு டம்ளர் ஆசாமிக்கு அது கூடாது. முடிந்து இரண்டரை, மூன்று மாதம் போகட்டும் என்றார் டாக்டர். முதல் பருவத்துக்கு முன்னால் என்று நான் நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தது அத்தோடு போயிற்று. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. எட்டு, எட்டு என்று சொல்லிக்கொண்டே படுத்திருந்தேன்.

அந்த மூன்று வாரத்தைப் பற்றித் தனியாக எழுதலாம். எங்கள் தெருவில் இத்தனை ஆண் நாய்கள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. கேட்டுக்கு வெளியே ஐந்தாறு படுத்திருந்தன, ஒன்று காம்பவுண்டுச் சுவரில் தொற்றி ஏறியது. அதில் எது ஒன்று உள்ளே வந்திருந்தாலும் சுண்டை உயிரோடு மிஞ்சுவது சந்தேகம்தான். பகலில் ஜன்னலைச் சாத்திவைத்தோம், மொட்டை மாடியில்தான் மலஜலம், அதுவும் என் கையில் கயிறோடு. பால்காரர் கேட்டைத் திறந்துவைத்துவிடுவார் என்று காலை ஐந்து மணிக்கு நானே போய் வாசலில் காவல் நின்றேன்.

அது ஓய்ந்து ஒன்றரை மாதம் கழித்து வேறொரு கூத்து. சுண்டை என் காலுறைகளை ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய்க் குவித்து, அதன்மேல் படுத்துக்கொண்டு, கிட்டே போனால் உறுமியது. மடி தடித்து, அமுக்கினால் பால் வந்தது. சுவர் ஏறிய அந்த நாய்தானோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பொய்ச் சினை என்றார் டாக்டர். மடியைத் தொடாமல், காலுறைகளை எடுத்து ஒளித்துவைத்தால் தானாக வற்றும், வற்றிய பிறகே ஆபரேஷன், நடுவில் செய்தால் பால் சுரப்பு சீக்கிரம் நிற்காமல் இழுக்கும் என்றார். கூடவே, தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, சாப்பாட்டை ஒதுக்குகிறதா, பின்பக்கம் சீழ் கசிகிறதா என்று தினமும் பார்க்கச் சொன்னார். பருவம் முடிந்த இந்த வாரங்களில்தான் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் பெரும்பாலும் வருமாம். தள்ளிப்போடுவதற்கும் ஓர் அபாயம் உண்டு என்று அதுவரை எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

ஐப்பசியில் பால் வற்றிவிட்டது. தீபாவளி முடியட்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். வெடிச் சத்தத்துக்கு அது இரண்டு நாள் சாப்பிடாது.

கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை, 1.750 கிலோ. முதல் கேஸ் நம்முடையதுதான் என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். நடுவில் தள்ளிப்போனால் பட்டினி நீளும், மயக்கம் தெளியும்போது பகல் வெளிச்சமும் ஆட்களும் இருக்க வேண்டும். இரவு தாமதமாக நன்றாகச் சாப்பிட வைத்து, ஒன்பது மணி ஆபரேஷனுக்கு காலை ஆறு மணிக்கு ஈரல் மசியல் இரண்டு ஸ்பூன் கொடுத்தோம். காலில் குழந்தைகளுக்குப் போடும் மஞ்சள் நிற ஊசிக்குழாய். உள்ளே ஏசியை நிறுத்தியிருந்தார்கள், வெந்நீர்ப் பைகளைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள், நான்கு பாதத்துக்கும் குமிழ் பிளாஸ்டிக் சுற்றியிருந்தது. சின்ன உடம்பு மயக்கத்தில் மளமளவென்று சூடு இறங்கிவிடும். குழாய் வழியாகக் காற்றில் கலந்த மயக்க மருந்து. அளவைக் கூட்டவும் குறைக்கவும், பாதியில் நிறுத்தவும் அதில் வழி இருக்கிறது. கத்தி வைப்பவர் ஒருவர், மயக்கத்தையும் மூச்சையும் மட்டும் பார்த்துக்கொள்ள இன்னொருவர். ஐந்தாம் மாதத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வயதைப் பற்றியதல்ல, இந்த இரண்டாவது ஆளைப் பற்றியது.

ஐம்பது நிமிடம். என் மனைவி வெளியே பெஞ்சில் கந்த சஷ்டி கவசம் முழுதும் சொல்லி முடித்து மறுபடி ஆரம்பித்தாள். டாக்டர் வந்து, ஒரு காகிதத்தில் அரிசி அளவில் இரண்டு பால் பற்களை வைத்துக் கொடுத்தார். இவ்வளவு நாள் தள்ளிப்போனதில் வலப்பக்கப் புதுப் பல் கொஞ்சம் முன்னால் துருத்தி நின்றுவிட்டது, அதை இனி ஒன்றும் செய்வதற்கில்லை, கடிக்க இடைஞ்சல் இல்லை என்றார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பல், ஆபரேஷன் எல்லாம் சேர்த்து 13,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் ஆனது.

கழுத்துக்கு மாட்டும் கூம்பில் மிகச் சின்ன அளவே அதற்குப் பெரிது. மாட்டிவிட்டால் கூம்பின் விளிம்பு தரையில் இடித்து, பின்னாலேயே நடந்து சுவரில் முட்டி நின்றது. மனைவி ஒப்பணக்கார வீதிக்குப் போய், பிறந்த குழந்தைக்குப் போடும் ஜபலா நான்கு வாங்கிவந்தாள். கடைக்காரர் பையனா, பெண்ணா என்று கேட்டதற்கு, பெண், ஒன்றே முக்கால் கிலோ என்று சொல்லிவிட்டாளாம். அவர் பாவம், பயந்துபோய் விலையில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டாராம். ஜபலாவைத் திருப்பிப் போட்டு முதுகில் முடிச்சுப் போட்டால் தையலை நாக்கு தொடாது. வலிக்கு டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து மட்டும்தான். வீட்டில் இருக்கும் வலி மாத்திரைகள் எதுவும் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். சோபாவில் ஏறிக் குதிக்காமல் இருக்கப் பத்து நாள் நாங்களும் தரையில் பாய் போட்டுப் படுத்தோம். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பின் உடம்புக்குத் தேவைப்படும் தீனி குறையும், பசி கூடும், அளவைக் கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். தராசில் நிறுத்துத்தான் வைத்தேன். தைப்பொங்கல் கழிந்த ஞாயிறு ரீடிங் 2.090. தராசில் பழுதோ என்று பேட்டரியை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் 2.090. மனைவி அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "காலையில் அரை இட்லி. அவ்வளவுதான்" என்றாள்.