கோலமா, கொடியா?

தை பிறந்த காலையில் வராங்கில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். வராங்கு என்றால், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், வீட்டு முன்தாழ்வாரம். நம்ம வராண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம். எங்கள் வாடகை வீட்டு வராங்கில் நீலச் சிமெண்ட் தரை. அதில் ஒரு பானையும், இரண்டு பக்கமும் சாய்த்து நுனியில் சேர்த்துக் கட்டிய கரும்புமாக ஆரம்பித்தேன். பானை கோணிக்கொண்டது. சரி போகட்டும் என்று கரும்புக்குள்ளே முழுக்கக் காவியை அப்பிவிட்டேன். கரும்பு நுனிக்குப் பின்னால் சூரியன். பன்னிரண்டு கதிர் போடுவதாக உத்தேசம். ஐந்தாவதோடு மஞ்சள் பொடி தீர்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மதாம் மதில் மேல் எட்டிப் பார்த்துக் கைதட்டினார். "லோ மஹாவேலி! எங்கள் கொடியைப் போட்டிருக்கிறாயே, பெண்ணே!"

சூரியனுக்குப் போட்ட கோலம் ஒரு தீவின் கொடியாகிவிட்டது. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கொடுமை என்னவென்றால், அவர் சொன்னது சரி. நீலப் பின்னணி, நடுவில் சிவப்பு முக்கோணம், அதன் உச்சியில் ஐந்து மஞ்சள் கதிர்கள். அப்படியே அதுதான்.

அந்தக் கொடியை நான் பார்க்காமல் இல்லை. கார்களின் பின்னால் 974 என்கிற ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். 974 என்பது பிரான்ஸ் இந்தத் தீவுக்குக் கொடுத்த எண். 1946-இலிருந்து இது பிரான்சின் மாவட்டம், ஆகவே சட்டப்படி கொடி என்றால் மூவர்ணக்கொடி ஒன்றுதான். நீலக்கொடியை 1975-இல் கீ பிஞோலே என்கிற விண்வெளிப் பொறியாளர் வரைந்தார். 2003-இல் தீவின் கொடியியல் சங்கம் இதைத் தேர்ந்தெடுத்தது. இன்றைக்குச் சில மேரிகளின், அதாவது நகராட்சி அலுவலகங்களின், வாசலிலும் மூவர்ணத்துக்குப் பக்கத்தில் பறக்கிறது. (புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த விளக்கம் வேண்டாம்.) மஹாவேலி என்ற பெயரை முதலில் கேட்டபோது மகாபலியா, இலங்கை மகாவலி ஆறா என்று மனசு தானாகத் தமிழில் துழாவியது. வெளிநாட்டில் எந்த ஒலியைக் கேட்டாலும் நமக்கு இதே வேலைதான்.

முக்கோணம் பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை. சும்மா அழகுக்கு வைத்த மலை இல்லை. 1977-இல் சேந்த்-ரோஸ் ஊருக்குள் குழம்பு இறங்கியபோது வீடுகளை எரித்துவிட்டு, மாதா கோயில் வாசலில் இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது. கோயில் இன்னும் நிற்கிறது, சுற்றிலும் கறுத்த பாறை. ஐந்து கதிர்கள், பல நூற்றாண்டுகளாகப் பல திசைகளிலிருந்தும் இங்கே வந்து சேர்ந்த மக்கள்.

இங்கேதான் எனக்கு வம்பு தொடங்கியது. பொங்கலும் வடையுமாக மதாம் வீட்டுக்குப் போனேன். "அந்த ஐந்தில் எது நம்முடையது?" என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்தவர்கள் காஃப். நம் ஆட்கள் மல்பார். குஜராத் முஸ்லிம்கள் ஸராப். சீனர்கள் சினுவா. மலைமேட்டு வெள்ளைக்காரர்கள் யாப். கை நிறைந்துவிட்டது. அப்புறம் பிரான்சிலிருந்து உத்தியோகத்துக்கு வரும் ஸொரெய், கொமோரோவிலிருந்து வருபவர்கள்... அடுத்த கையையும் விரித்து, கடைசியில் இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டார். "அது கணக்கு இல்லை, கதிர்."

"நான்?"

"நீ மல்பார் இல்லை, இந்தியாக்காரி. விமானத்தில் வந்தவள். கதிர் கப்பலில் வந்தவர்களுக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சுருக்கென்று தைத்தது. நெற்றியில் என்னைவிடப் பெரிய பொட்டு. குடும்பப் பெயர் எங்கள் தெருக் கோடியில் குடியிருந்தவர் பெயர் மாதிரி. தீமிதிக்கு விரதம் இருக்கும் வீடு. திரௌபதியை இங்கே பாந்தியாலே என்பார்கள், நம் பாஞ்சாலிதான். கொல்லையில் இருக்கும் கறிவேப்பிலைக்குப் பெயர் கலுபிலே, முருங்கைக் கீரைக்கு முரும். இத்தனையும் வைத்துக்கொண்டு என்னை வெளியே நிறுத்திவிட்டாரே!

அதைவிட அந்த மல்பார் என்ற சொல். 1848-இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. எங்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆயிரக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். சோழமண்டலக் கரையில் ஏறியவர்களுக்கு எதிர்க்கரையின் பெயர்! பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் தமிழரையே மலபார் என்றுதான் எழுதினார்கள், தெரியும். தெரிந்தாலும் ஆறவில்லை. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் மதாமிடம் மனசுக்குள்ளே வாதாடினேன். அம்மா, உங்கள் தாத்தா எங்கள் துறையில் ஏறியவர், நான் அதே துறைக்காரி, எனக்கு அரைக் கதிராவது தரக்கூடாதா?

ஒரு வருஷமாயிற்று, பழகிவிட்டது என்றுதான் அம்மாவிடம் போனில் சொல்வேன். "பொங்குச்சா?" என்று கேட்டாள். பொங்கியது, மின்சார அடுப்பில், கண்ணாடி மூடி போட்ட பாத்திரத்தில். ஜனவரி இங்கே நடுக்கோடை, புயல் காலம். பனி விழும் வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, எதிர்வீட்டுக் கோலம் நம்முடையதைவிடப் பெரிசா என்று ஓரக்கண்ணால் பார்த்த காலைகளை என்ன செய்வது?

கொடி எனக்குப் புதிதில்லை. என் தாத்தா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன்காரர். ஜூலை 14 வந்தால் மெடல்களைத் துடைத்துக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் புறப்படுவார். ஆகஸ்ட் 15-க்கு அதே கோட்டில் வேறு கொடியைக் குத்திக்கொள்வார். இரண்டும் ஒரே தகர டப்பாவில், ஊசியோடு கிடக்கும். அவருக்கு அதில் ஒரு குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.

கொடிக்கு முன்பே இந்தத் தீவுக்கு ஒரு சின்னம் உண்டு, 1925-இல் எமில் மெர்வார் வரைந்தது. அதில் ஒரு மலை, ஒரு கப்பல், தேனீக்கள், சுற்றிலும் வனிலாக் கொடி. கீழே லத்தீனில் ஒரு வரி: எங்கே கொண்டுபோனாலும் பூப்பேன். அது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாசகம். புதுச்சேரியை ஆண்ட அதே கம்பெனிதான். வியாபாரத்துக்குச் சொன்னதை மதாம் வீட்டுக் கறிவேப்பிலை அல்லவா செய்து காட்டியிருக்கிறது என்று நினைத்தேன். நான் தொட்டியில் வைத்தது மூன்றாவது தடவையாகக் கருகிவிட்டது. அவரிடம்தான் கன்று கேட்க வேண்டும்.

அன்று மத்தியானம் வானம் இருட்டி மழை கொட்டியது. சாரல் வராங்குக்குள் அடித்தது. மஞ்சள் கதிர்கள் முதலில் போயின. அப்புறம் காவி கரைந்து, முக்கோணத்தின் அடியிலிருந்து சிவப்பாக வழிந்து படியிறங்க ஆரம்பித்தது. வெளியிலிருந்து வந்த மகள் பையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள்.

"அம்மா, ஃபூர்னேஸ் வெடிக்குது!"

மதாமைக் கூப்பிட மதில் பக்கம் ஓடினாள்.