மோகனத்தில் மத்யமம் கிடையாது

சேர்ந்திசைக் குழு, அதாவது கொயர், நடத்துகிறேன் என்று சொன்னால் சென்னையில் பாதிப் பேர் "சர்ச்லயா?" என்றுதான் கேட்பார்கள். சர்ச்சில் பாடி வளர்ந்தவர்கள் எங்கள் குழுவில் நிறைய உண்டு, பாட்டு வாத்தியாரிடம் வர்ணம் வரை கற்று வந்தவர்களும் உண்டு. சர்ச்சிலிருந்து வந்தவர்களுக்கு ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு, போதும், பார்த்ததும் பாடிவிடுவார்கள். வாத்தியாரிடம் கற்றவர்களுக்கு ச ரி க ம எழுதித் தர வேண்டும். இரண்டு கலாசாரங்களைச் சேர்க்கும் வேலை எனக்கு ஒத்திகை அறையிலேயே ஆரம்பமாகிவிடுகிறது.

ஒருமுறை மோகன ராகத்தில் ஒரு பாட்டு எடுத்தோம். சோப்ரானோ என்ற மேல் பெண் குரல் தைவதத்தில் (த) நிற்கும் இடத்தில், பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் மேற்கத்திய ஹார்மனிக்குப் பழகிய காது கீழே மத்யமத்தை, அதாவது ம ஸ்வரத்தை, தேடும், அங்கே அது அவ்வளவு சுகமாகச் சேரும். ஆனால் மோகனத்தில் மத்யமமே கிடையாது. "ஒரே ஒரு ஸ்வரம்தானே சார், அதுவும் பேஸ்ல" என்றார் பல வருடமாக பேஸ் என்ற அடிக்குரல் பாடும் ஓர் அண்ணன். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, பாட்டு கற்ற ஒரு பெண்ணை அந்த வரியை மத்யமம் சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை பாடச் சொன்னேன். அவ்வளவுதான். "வேண்டாம் சார், ஆளே மாறிப்போச்சு" என்று அந்த அண்ணனே சொல்லிவிட்டார். அப்புறம் பேஸ் குரல்களை ஷட்ஜத்திலேயே (ச) நிறுத்தி, தாழ்ந்த பெண் குரலான ஆல்டோவைக் காந்தாரத்தில் (க) வைத்தோம். சங்கீதம் கற்றவர்களுக்கு அது தம்புரா சுருதி, சர்ச்சிலிருந்து வந்தவர்களுக்கு நல்ல பேஸ் லைன், யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த வழியில் எங்களுக்கு முன்னால் பெரிய ஆட்கள் நடந்திருக்கிறார்கள். கல்கத்தா யூத் கொயர் 1958இல் பாடகி ரூமா குஹா தாகுர்த்தா தொடங்கியது, பம்பாயில் இசையமைப்பாளர் சலில் சௌத்ரி இருந்தார், இங்கே இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி, பாரதியார் பாடல்களோடு பல இந்திய மொழிப் பாட்டுகளையும் பாட வைத்தார். மேடையோடு நிற்காமல் வானொலிக்கும் அதைக் கொண்டுபோனார். அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். நம் ஊர் மேடையில் ஓர் அஸ்ஸாமியப் பாட்டைப் பாடினால் கேட்பவர்கள் நம் ஆட்கள், உச்சரிப்பு எப்படி இருந்தாலும் கைதட்டுவார்கள். ஒலிபரப்பிலோ யூடியூபிலோ போட்டால் அஸ்ஸாம்காரரே கேட்பார்.

அதனால் ஓர் அஸ்ஸாமியப் பாட்டை எடுத்தபோது, வேளச்சேரியில் ஹோட்டல் வேலை பார்க்கும் ஓர் அஸ்ஸாம் தம்பியைக் கூப்பிட்டு, வரிகளை மெதுவாகச் சொல்லச் சொல்லி செல்போனில் பதிவு செய்து குழுவின் வாட்ஸாப்பில் போட்டேன். அங்கே ச எழுத்தைப் பல இடங்களில் தொண்டையில் உரசித்தான் சொல்வார்கள், நம் 'அகம்' என்பதில் வரும் க இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வந்தால் எப்படியோ அப்படி. இதை முப்பது பேர் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மைக்கில் வெறும் இரைச்சல்தான் விழும். ஒத்திகைக்கு அந்தத் தம்பியும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். முதலில் சும்மா இருந்தவர், நான்காவது வரியில் கையைத் தூக்கி நிறுத்தி, "இங்கே மூச்சு எடுக்கக் கூடாது, வாக்கியம் முடியவில்லை" என்று இந்தியில் சொன்னார். நொட்டேஷனில் அங்கே மூச்சுக்குறி இருந்தது. அதை அடித்துவிட்டோம்.

இப்படி ஒருவரை ஒத்திகையில் உட்கார வைக்காமல் பிறமொழிப் பாட்டைப் பதிவு செய்யவே கூடாது என்று நினைக்கிறேன். விழாவில் ஒற்றுமை பற்றிப் பேசும் நேரத்தைவிட இந்த ஒரு மணி நேரம் எனக்குப் பெரிது.

2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலிருந்து தனித்தனியாகப் பாடி அனுப்ப, எடிட்டிங்கில் ஒட்டினோம். சேர்ந்து மூச்செடுக்காத பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி ஆடியோ செய்யும் பழக்கம் அதிலிருந்துதான் வந்தது. இப்போது அவற்றை யார் கேட்டாலும் அனுப்புகிறேன். போன வாரம் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை கேட்டிருந்தார், அவர் பிள்ளைகளுக்கு இரண்டு குரல் போதுமாம், மோகனப் பாட்டைக் கொஞ்சம் சுருதி இறக்கித் தர முடியுமா என்று. இறக்கிக்கொண்டிருக்கிறேன்.