பரணில் கிடந்த பில் புத்தகம் மீட்டுத் தந்த இணைய முகவரி

மாம்பலத்தில் எங்களுக்குக் காபித்தூள் கடை. கடைப் பெயரிலேயே ஒரு டாட் இன் முகவரி வைத்திருந்தோம். அதைப் பதிவு செய்தவர் வெப்சைட் போட்டுக் கொடுத்த பையன். தன் மின்னஞ்சலையே கொடுத்துவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவருக்கே போயின. அவரோ தொழிலையே மாற்றிக்கொண்டு போய்விட்டார். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர், "என்ன சார், உங்க சைட்டைத் திறந்தா லோன் விளம்பரம் வருது?" என்றார்.

காலாவதியான முகவரியை யாரோ எடுத்திருந்தார். பெயர் மறைக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்த படிவம் வழியாக எழுதினேன். பதில் ஒரே வரி: மூன்று லட்சம் கொடுத்தால் தருகிறேன். ஐம்பதாயிரத்துக்குப் பேசி முடி என்றார் அப்பா. நல்லவேளை, அதற்குள் வக்கீலிடம் காட்டினோம். "இந்த மெயிலை அழிச்சிடாதீங்க, நம்ம கேஸே இதுதான்" என்றார்.

டாட் இன் முகவரிகளை நிர்வகிக்கும் அமைப்பு நிக்ஸி. டாட் இன் வழக்குகள் அதன் ஐஎன்டிஆர்பி என்ற தகராறு விதிகளின்படி ஒற்றை நடுவரிடம் போகும். நாம் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். முகவரி நம் பெயரோடு குழம்பும் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். எடுத்தவருக்கு அதில் நியாயமான உரிமை இருக்கக்கூடாது. கெட்ட எண்ணத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது அப்படிப் பயன்படுத்த வேண்டும். கைச்செலவை விடப் பெரிய தொகைக்கு நம்மிடமே விற்கப் பார்ப்பது மூன்றாவதற்குச் சான்று. (எங்களுடையது டாட் காமாக இருந்து ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவுக்குப் போயிருந்தால், ஒற்றை நடுவருக்கே 1,500 டாலர்!)

முதலாவதுக்குத்தான் அலைச்சல். டிரேட்மார்க் சான்றிதழ் இருந்தது. ஆனால் அது சமீபத்தியது. பெயர் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்ததைக் காட்டச் சொன்னார் வக்கீல். அப்பா பரணில் ஏறி, டிஎன்ஜிஎஸ்டி எண், அதாவது அந்தக் காலத்துத் தமிழ்நாடு விற்பனை வரி எண், அச்சடித்த பழைய பில் புத்தகங்களை இறக்கினார். எத்தனை தடவை தூக்கிப்போடச் சொல்லியிருப்பேன்! இணைய முகவரிக்கும் வணிகப் பெயருக்கான பாதுகாப்பு உண்டு என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் மனுவில் சேர்த்தார். அந்த வழக்கைப் போட்ட சத்யம் இன்ஃபோவே நம்ம சென்னைக் கம்பெனிதான்.

எதிர்த்தரப்புக்குப் போன கூரியர் திரும்பி வந்தது. மெயிலுக்கும் பதில் இல்லை. அதனாலேயே ஜெயித்துவிட்டோம் என்று துள்ளினேன். அப்படியில்லையாம், மூன்றையும் நிரூபித்தே ஆகவேண்டும். எல்லாம் காகிதத்திலேயே நடந்தது, நேரில் ஒரு நாள்கூடப் போகவில்லை. முகவரியை எங்களுக்கு மாற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. நஷ்டத்துக்குப் பணம் கிடைக்காது. அதற்குத் தனியாகக் கோர்ட்டுக்குப் போகவேண்டும். போகவில்லை.

முகவரி கைக்கு வந்த அன்றே தொடர்பு மின்னஞ்சலைக் கடை மெயிலுக்கு மாற்றினேன். நடுவில் பழைய முகவரியை மறைக்க ஸ்டிக்கர் ஒட்டிய கவர்கள் இன்னும் இரண்டு மூட்டை இருக்கின்றன. அப்பா இப்போது உட்கார்ந்து ஸ்டிக்கரைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்.