வீடு அம்மாவுக்கு, கடை யாருக்கு?

அப்பா காலமானபோது அவர் பெயரில் இரண்டு கூட்டுச் சொத்துகள் இருந்தன. ஒன்று, சிங்கப்பூரின் தோ பாயோவில் அம்மாவுடன் சேர்ந்து வாங்கிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. மற்றொன்று, தேக்கா பக்கம் சித்தப்பாவுடன் சேர்ந்து நடத்திய மளிகைக் கடை. அப்பா உயில் எழுதவில்லை.

வீட்டு வேலை சீக்கிரம் முடிந்தது. பத்திரத்தில் 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' என்று இருந்தது. அப்படியென்றால் இருவருக்கும் தனித்தனிப் பங்கு கிடையாது. ஒருவர் இறந்தால் முழு வீடும் மற்றவருக்குப் போகும். உயில் இருந்திருந்தாலும் அது மாறாது. சிங்கப்பூர் நில ஆணையத்தில் இறப்பைப் பதிவுசெய்ததும் வீடு அம்மாவின் பெயருக்கு வந்தது. அதே இடத்தில், ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு உண்டு என்று பொருள்படும் 'டெனன்ட்ஸ் இன் காமன்' என்று இருந்திருந்தால், அப்பாவின் பங்கில் பாதி அம்மாவுக்கும், மீதி எனக்கும் தம்பிக்கும் சமமாகவும் பிரிந்திருக்கும். முஸ்லிம் அல்லாதவர்கள் உயிலின்றி இறந்தால் 1967ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் கணக்கு அது. வீடு வாங்கப்போகும் தம்பதிகளே, கையெழுத்திடும் முன் அந்த ஒரு வரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைதான் எங்களை அலைக்கழித்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் 1890ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் பேசுகிறது: கூட்டாளி ஒருவர் இறந்தால் கூட்டாண்மை கலைந்துவிடும், முதலிலும் லாபத்திலும் அனைவருக்கும் சம பங்கு. அப்பா போட்ட முதல் அதிகம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். "அண்ணன் போட்ட பணம் எனக்குத் தெரியாதா, அம்மா? அதை நான் மறுப்பேனா?" என்று சித்தப்பா தழுதழுத்தார். அவர் மறுக்கவில்லை என்பதால்தான் நாங்கள் தப்பித்தோம். வேறு குடும்பமாக இருந்தால் நீதிமன்றத்தில் முடிந்திருக்கும்.

அப்பா பெயரில் ஒரு வேன் இருந்தது. தம்பி அதைக் குடும்பச் சொத்து என்று நினைத்திருந்தான். வழக்கறிஞர் பழைய செலவுப் புத்தகத்தைப் புரட்டினார். அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில், முன்பணமும் மாதத் தவணையும் கடைக் கணக்கிலேயே எழுதப்பட்டிருந்தன. கடைப் பணத்தில் வாங்கியது, வேறு நோக்கம் தெரியாதவரை, கடைக்கே சொந்தம். யார் பெயரில் பதிவு என்பது அதை மாற்றாது என்றார். தம்பி ஒத்துக்கொண்டான்.

அப்பாவின் பங்கு, கடை எங்களுக்குத் தரவேண்டிய கடனாகிறது. அதை வாங்கும் அதிகாரம் பெற, அம்மா குடும்ப நீதிமன்றத்தில் நிர்வாகப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தார். அது கைக்கு வரும்வரை கடைக் கணக்கைத் தீர்க்க முடியவில்லை. சரக்குக்காரர்களுக்கு சித்தப்பா தன் கைப்பணத்தைக் கொடுத்துச் சமாளித்தார். அவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

இப்போது நானும் சித்தப்பாவும் கூட்டாளிகள். பழைய முறையில் கடையின் கடனுக்குக் கூட்டாளியின் சொந்தச் சொத்தும் பொறுப்பு என்பதால், வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையாக, தொழில்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் பதிவுசெய்தோம். ஒருவர் இறந்தால் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டோம். அந்தப் பகுதியை மட்டும் சித்தப்பா இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.