எறும்பு வரிசையில் ஒரு விரல்

இன்று பூங்காச் சுவரோரம் ஒரு எறும்பு வரிசை. நாலு வயதுப் பையன் குத்த வைத்து உட்கார்ந்து, வரிசையின் நடுவே விரலால் அழுத்தித் துடைத்தான்.

வந்த எறும்புகள் அந்த இடத்தில் தடுமாறி நின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அவன் அக்கா அப்போதே ஊஞ்சலுக்கு ஓடிவிட்டாள்.

ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. கண் போகும் இடம் மட்டும் வேறு. இந்த ஆர்வச் சாய்வில் ஒரு பங்கு பிறவியிலேயே வருகிறது என்பதை இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிடும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

அது தழைப்பதும் வாடுவதும் ஓரளவு பக்கத்தில் இருப்பவர் கையிலும் இருக்கிறது.

அம்மா "கைய எடு, கடிச்சிடும்" என்று அதட்டவில்லை. குனிந்து, "அதுங்க போட்ட வாசனை அழிஞ்சிடுச்சுடா, அதான் வழி தெரியல" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் போதும். அதற்குமேல் பாடம் எடுத்தால் பிள்ளை எழுந்து போய்விடும். மறுநாள் ஒரு பூதக்கண்ணாடியைக் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள்.

பரிசு ஆசை காட்டவே வேண்டாம். 1973-ல் வெளியான ஓர் ஆய்வில், வரைவதை விரும்பிய மழலையருக்கு "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்பே சொல்லப்பட்டது. ஓரிரு வாரம் கழித்து அவர்கள் தாமாக வரைந்த நேரம், மற்ற பிள்ளைகள் வரைந்ததில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரெனப் பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு எறும்பு துடைத்த இடத்தைத் தாண்டியது.

"அம்மா, ஒண்ணு வந்துடுச்சு!"