0.9 வோல்ட்டில் வரும் எண்ணை எப்போது நம்பலாம்?

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்துக்கு ஒரு வினையூக்கி செய்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால், துறைக்காரர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: 0.9 வோல்ட்டில் ஒரு மில்லிகிராம் பிளாட்டினத்துக்கு எத்தனை ஆம்பியர்? அமெரிக்க எரிசக்தித் துறை வைத்த இலக்கு 0.44. ஆனால் கடையில் வாங்கிய ஒரே பிளாட்டினம்-கார்பன் பொடியை இரண்டு ஆய்வகங்கள் அளந்தால் எண்ணில் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் வருவது சகஜம். பொடி அதேதான், கைதான் வேறு.

ஹைட்ரஜன் பக்கம் பெரிய தொல்லை இல்லை, அந்த வினை தானாகவே ஓடும். ஆக்சிஜன் தண்ணீராகும் பக்கம்தான் முரண்டு பிடிக்கும். கோட்பாட்டின்படி 1.23 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில், நல்ல பிளாட்டினத்தை வைத்தும் கணிசமான மின்னோட்டம் எடுக்க 0.9-க்கு இறங்க வேண்டியிருக்கிறது. இந்த இழப்பை அளக்கத்தான் சுழல்தட்டு மின்முனை. 5 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் கார்பன் வட்டு, அதாவது 0.196 சதுர செ.மீ. பரப்பு. அதன் மேல் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரியும் வினையூக்கியின் ஒரு மெல்லிய படலம். கரைசலுக்குள் இதைச் சுழற்றியபடி மின்னோட்டத்தை அளப்பார்கள்.

வேலை கண்ணாடிப் பாத்திரத்தில் தொடங்குகிறது. சோப்புப் போட்டுக் கழுவினால் போதாது. லிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த நீர்த்த கந்தக அமிலத்தில் இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நீர்த்த அமிலத்தால் பழுப்புக் கறையை எடுத்து, 18.2 மெகாஓம் எனப்படும் மிகத் தூய தண்ணீரில் ஐந்தாறு முறை கொதிக்கவைக்க வேண்டும். பெர்மாங்கனேட்டை அடர் அமிலத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள், வெடிக்கும். மின்பகுளி 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலம். கந்தக அமிலம் மலிவுதான், ஆனால் சல்ஃபேட் பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடம் விடாது. குளோரைடு அதைவிட மோசம். வோல்ட்டை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த ஒப்பீட்டு மின்முனையாக வெள்ளி-வெள்ளிக் குளோரைடை எடுத்து நேரடியாக அளவீட்டுக் கலத்துக்குள் இறக்கினால், அது கசிய விடும் குளோரைடே வினையூக்கியைக் கெடுத்துவிடும். பிறகு பொடியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹைட்ரஜன் ஒப்பீட்டு மின்முனை இருந்தால் அதையே வையுங்கள். இல்லாவிட்டால் இடையில் உப்புப் பாலம் கொடுத்து, அதே மின்பகுளியில் ஹைட்ரஜனைச் செலுத்தி, சுழியம் எங்கே விழுகிறது என்று அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வட்டில் சொட்டு வைக்க வினையூக்கிப் பொடியைத் திரவத்தில் கலக்குவதை மை என்பார்கள். மை தயாரிப்பு சமையல் மாதிரி, வரிசை முக்கியம். 20 சதவீத பிளாட்டினம்-கார்பன் பொடி 5 மி.கி. எடுத்து முதலில் 1.9 மி.லி. தண்ணீரை ஊற்றிப் பொடியை முழுசாக நனைக்கவும். அதற்குப் பிறகுதான் 0.6 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். உலர்ந்த பொடியில் நேரடியாக ஆல்கஹால் பட்டால் பிளாட்டினமே தீ மூட்டிவிடும். கடைசியாக, பொடியை ஒட்டவைக்கவும் புரோட்டானைக் கடத்தவும் உதவும் பாலிமரான நேஃபியானின் 5 சதவீதக் கரைசல் 10 மைக்ரோலிட்டர். "நன்றாக ஒட்டட்டும்" என்று நேஃபியானைத் தாராளமாகச் சேர்ப்பவர்கள் நிறைய. அதிலுள்ள சல்ஃபோனிக் தொகுதிகளும் பிளாட்டினத்தில் ஒட்டும், தடித்த படலம் ஆக்சிஜனையும் தடுக்கும். இரண்டாலும் எண் இறங்கும்.

மீயொலியால் கலக்கும் சோனிகேட்டரில் 20 முதல் 30 நிமிடம், தொட்டித் தண்ணீரில் ஐஸ் போட்டு. ஐஸ் இல்லாவிட்டால் தண்ணீர் சூடாகி ஆல்கஹால் பறக்கும், துகள்கள் திரளும். நல்ல மை ஒரே சீரான கறுப்பாக இருக்கும். குப்பியைச் சாய்த்தால் சுவரில் மணல் மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால் இன்னும் ஆகவில்லை.

இனி சொட்டு. வட்டை 0.05 மைக்ரான் அலுமினாவில் கண்ணாடி மாதிரித் தேய்த்துக் கழுவி, தலைகீழாகச் சுழலியில் மாட்டி, 10 மைக்ரோலிட்டர் மை வையுங்கள். கணக்கு இப்படி: 2.5 மி.லி. மையில் 1 மி.கி. பிளாட்டினம், ஒரு சொட்டில் 4 மைக்ரோகிராம், சதுர செ.மீ.க்கு சுமார் 20 மைக்ரோகிராம். சும்மா உலரவிட்டால் டபராவை எடுத்த பிறகு மேசையில் தெரியும் காபி வளையம் மாதிரி விளிம்பில் தடிப்பாகவும் நடுவில் வெறிச்சென்றும் போய்விடும். மெதுவாகச் சுழற்றத் தொடங்கி, நிமிடத்துக்கு 700 சுற்றுக்குக் கொண்டுபோய், உலரும்வரை விடுங்கள். பிறகு உருப்பெருக்கியில் ஒரு பார்வை. விளிம்பு வளையமோ வெற்றிடமோ தெரிந்தால் துடைத்துவிட்டு மறுபடி போடுவதே மேல். இந்தக் கட்டத்தில் சோம்பல் பட்டால் மேற்கொண்டு செய்வது எல்லாம் வீண்.

அளவீட்டில் முதலில் கரைசலில் நைட்ரஜன். 0.05 முதல் 1.2 வோல்ட் வரை, நொடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில் ஏற்றி இறக்கி, வளைவு மாறாமல் நிற்கும்வரை 50 தடவையாவது. ஹைட்ரஜன் ஒட்டும் பகுதியின் மின்னூட்டத்தை, சதுர செ.மீ.க்கு 210 மைக்ரோகூலும் என்று வகுத்தால் உண்மையான பிளாட்டினப் பரப்பு கிடைக்கும். நம் 4 மைக்ரோகிராமுக்கு 588 மைக்ரோகூலும் வந்தால் 2.8 சதுர செ.மீ., அதாவது கிராமுக்கு 70 சதுர மீட்டர். இந்த வகைப் பொடிக்கு அது நியாயமான எண். 30 என்று வந்தால் படலத்தில் பாதி நனையவே இல்லை, அல்லது மை படிந்துபோன பிறகு மேல்நீரைச் சொட்டு வைத்திருக்கிறீர்கள்.

அடுத்து ஆக்சிஜன். நிமிடத்துக்கு 1600 சுற்று, நொடிக்கு 20 மில்லிவோல்ட், கீழிருந்து மேலாக. திசையையும் வேகத்தையும் எழுதி வைக்க வேண்டும். மேலிருந்து கீழே வந்தால் பிளாட்டினத்தின் மேல் ஆக்சைடு இருக்கும், மின்னோட்டம் குறையும். ஆக்சிஜன் வந்துசேரும் வேகம் அனுமதிக்கும் உச்சமே எல்லை மின்னோட்டம். 25 டிகிரியில் அது கோட்பாட்டுப்படி சதுர செ.மீ.க்கு சுமார் 6 மில்லிஆம்பியர். 5.7-ஐ ஒட்டி வந்தால் தொடரலாம். 5-க்குக் கீழே தட்டையே இல்லாமல் சரிந்துகொண்டு போனால் படலம் வட்டை முழுக்க மூடவில்லை.

சதுர செ.மீ.க்கு 0.9 வோல்ட்டில் 2.0 மில்லிஆம்பியர், எல்லை 5.8 என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிஜன் வந்துசேரும் தடையைக் கழித்து வினையூக்கியின் சொந்த மின்னோட்டத்தைப் பெற, இரண்டையும் பெருக்கி, இரண்டின் வித்தியாசத்தால் வகுக்க: 11.6 ÷ 3.8 = 3.05 மில்லிஆம்பியர். அதை 20.4 மைக்ரோகிராமால் வகுத்தால் மில்லிகிராமுக்கு 0.15 ஆம்பியர். எண் எகிறட்டும் என்று பிளாட்டினத்தைக் கூட்டினால் இந்தச் சூத்திரமே காலை வாரும். 0.9-இல் 5.0 வந்துவிட்டது என்றால், எல்லையை 5.8-க்குப் பதில் 5.7 என்று படித்தாலே விடை 36-இலிருந்து 41-க்குத் தாவும். 0.9-இல் வருவது எல்லையில் பாதிக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

பலர் கண்டுகொள்ளாத இன்னொன்று கரைசலின் தடை. 0.1 மோலார் அமிலத்தில் அது 25 ஓம் அளவுக்கு இருக்கும். வட்டில் 0.39 மில்லிஆம்பியர் ஓடும்போது 10 மில்லிவோல்ட் தின்றுவிடும். பத்துதானே என்று விட்டால் போச்சு. இங்கே மின்னோட்டம் பத்து மடங்காக 60-70 மில்லிவோல்ட் போதும், ஆகவே 10 மில்லிவோல்ட் பிழை என்பது விடையில் 40 சதவீதப் பிழை. ஒப்பீட்டு மின்முனையில் வரும் 10 மில்லிவோல்ட்டுக்கும் இதே தண்டனைதான். "புது வினையூக்கி 1.4 மடங்கு சிறந்தது" என்று படிக்கும்போது இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

பிளாட்டினம் இல்லாத இரும்பு-நைட்ரஜன்-கார்பன் வகையைச் சோதிப்பவர்கள் மின்சுற்றை முடிக்கும் துணை மின்முனையாகப் பிளாட்டினக் கம்பியை வைக்கவே கூடாது. அது கரைந்து வந்து உங்கள் வட்டில் படியும், அளவீடு தொடரத் தொடர வினையூக்கி "மேம்படும்". கிராஃபைட் தண்டு போதும்.

இத்தனையும் சரியாக வந்தாலும் அது வட்டின் எண்தான், எரிபொருள் கலத்தின் எண் அல்ல. 2007-இல் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ஸ்டாமென்கோவிச், மார்கோவிச் குழு, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிளாட்டினமும் நிக்கலும் சேர்ந்த ஒற்றைப் படிகத்தின் 111 முகம் (அணுக்கள் நெருக்கமாக அடுக்கியுள்ள பரப்பு), சுத்தமான பிளாட்டினத்தின் அதே முகத்தைவிட பத்து மடங்கு வேகமானது என்று காட்டியது. ஒரு பரப்பு என்ன செய்ய முடியும் என்பதற்கு அது இன்றும் மேற்கோள். அந்த உலோகக் கலவையை நானோத் துகளாக்கி எரிபொருள் கலத்தின் சவ்வின் மேல் பூசும்போது, அமிலத்தில் நிக்கல் கரைந்து வெளியே வருகிறது. வந்த நிக்கல் அயனி நேஃபியானின் சல்ஃபோனிக் தொகுதிகளில் புரோட்டான் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. குறைந்த மின்னோட்டத்தில் இது தெரியாது. சதுர செ.மீ.க்கு 1 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும்போதுதான் மின்னழுத்தம் படுக்கும். ஆகவே உலோகக் கலவைப் பொடியை மையாக்கும் முன்பே அமிலத்தில் ஊறவைத்து, வெளியேறக்கூடிய நிக்கலை முதலிலேயே வெளியேற்றிக் கழுவிவிடுகிறார்கள்.